வைரஸ் போச்சு, கூடவே நெட்டும் போச்சு: ஸ்பைவேரை நீக்கிய பிறகு இணையத்தை மீட்பது எப்படி?

ஆன்டிவைரஸ் ஓட்டியாச்சு, எல்லாம் சுத்தம் என்று பச்சை டிக்கும் வந்தாச்சு. பிரவுசரைத் திறந்தால் ஒரு தளமும் வரவில்லை. அதே வைஃபையில் போனில் மட்டும் நெட் ஜோராக ஓடுகிறது. இந்த நிலையில் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

காரணம் எளிது. ஸ்பைவேர் உங்கள் பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற தகவலைப் படிக்கும், விளம்பரத்தைச் செருகும். அதற்காக விண்டோஸின் அமைப்புகளில் "எல்லாம் என் வழியாகப் போகட்டும்" என்று எழுதி வைத்திருக்கும். ஆன்டிவைரஸ் அந்த புரோகிராமை அழிக்கும்; எழுதி வைத்ததைப் பல நேரம் தொடாது. கடை காலியான பிறகும் தெருமுனையில் அதன் பெயர்ப்பலகை நிற்கிற மாதிரி. விண்டோஸ் பலகையைப் பார்த்துப் போய், ஆளில்லாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டுவது ஆங்கில எழுத்தில். கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டும் கருப்புத் திரை) எப்போதும் "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தே திறக்கவும். தொடங்குமுன் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் (தேவைப்பட்டால் இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) போட்டுவிடுங்கள்.

முதலில், உண்மையிலேயே போய்விட்டதா?

ஸ்பைவேர் உயிரோடு இருக்கும்போது அமைப்புகளைத் திருத்துவது வீண்வேலை. அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி மாற்றிவிடும்.

விண்டோஸ் செக்யூரிட்டி → வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் → ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும். அடுத்து மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர். இலவசம், நிறுவத் தேவையில்லை. நெட் இல்லாததால் வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

இந்த இரண்டும் போதும். "பிசி கிளீனர்", "ரெஜிஸ்ட்ரி பூஸ்டர்" வகையறாக்களைத் தொடவே வேண்டாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைப்பதும் கூடாது; அவை ஒன்றோடொன்று மோதியே நெட்டை நிறுத்திவிடலாம்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க நான்கு சோதனைகள்

இதைத் தாண்டிவிட்டு நேராக ரீசெட் கட்டளைகளுக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிட வேலைதான்.

1. "பிங் 8.8.8.8" என்று கொடுங்கள். பதில் வந்தால் கேபிள், வைஃபை, மோடம் எல்லாம் சரி. "ஜெனரல் ஃபெயிலியர்" என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேயே, வின்சாக் (புரோகிராம்கள் நெட்டோடு பேச உதவும் விண்டோஸ் பகுதி) அல்லது நெட்வொர்க் டிரைவர் மட்டத்தில். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் ரவுட்டர் பக்கம் பாருங்கள்.

2. அடுத்து எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்யுங்கள். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கோளாறு.

3. அதே பெயரை "என்எஸ்லுக்கப்" கட்டளையில் கொடுங்கள். பிங், ஹோஸ்ட்ஸ் ஃபைலை (கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் தளப்பெயர்-முகவரிப் பட்டியல்) பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கும். என்எஸ்லுக்கப் அந்த ஃபைலைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். என்எஸ்லுக்கப்பில் ஒழுங்கான முகவரியும் பிங்கில் 127.0.0.1 அல்லது 0.0.0.0 உம் வந்தால், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கைவைத்திருக்கிறார்கள். பெரிய தளங்களுக்குப் பல முகவரிகள் இருப்பதால் இரண்டிலும் வேறு வேறு எண் வந்தாலே பயப்பட வேண்டாம்.

4. மூன்றும் சரி, பிரவுசர் மட்டும் திறக்கவில்லையா? ப்ராக்ஸி (பிரவுசரின் தகவலை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்), அல்லது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் கோளாறு.

டாஸ்க்பாரில் இருக்கும் "நோ இன்டர்நெட்" சின்னத்தை நம்ப வேண்டாம். விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு சிறு ஃபைலை எடுத்துப் பார்த்து அதைக் காட்டுகிறது. அந்த ஒரு முகவரி தடைப்பட்டிருந்தால், நெட் ஓடும்போதே இல்லை என்று சொல்லும்.

ப்ராக்ஸி: பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம்

செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ப்ராக்ஸி. மேனுவல் ப்ராக்ஸியில் 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ ஒரு முகவரியும் பக்கத்தில் ஒரு போர்ட் எண்ணும் இருந்தால், அதுதான் நான் சொன்ன பலகை. 127.0.0.1 என்பது உங்கள் கம்ப்யூட்டரேதான். அங்கே ஸ்பைவேர் ஒரு குட்டி சர்வர் நடத்திக்கொண்டிருந்தது, இப்போது இல்லை.

அணைக்குமுன் அந்த போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" கட்டளையின் பட்டியலில் தேடுங்கள். அந்த எண்ணில் "லிசனிங்" என்று ஒரு வரி இருந்தால் இன்னும் எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. வரியின் கடைசியில் உள்ள எண்ணை டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் பிஐடி பத்தியில் தேடினால் எந்த புரோகிராம் என்று தெரிந்துவிடும். வலது க்ளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தையும் பார்க்கலாம். டெவலப்பர்கள் பயன்படுத்தும் ஃபிட்லர் போன்ற கருவிகளும் இதே முறையில் ப்ராக்ஸி வைக்கும் என்பதால், பெயரைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். லிசனிங் வரி இல்லையென்றால் வெறும் மிச்சம்தான்.

இப்போது மேனுவல் ப்ராக்ஸியை ஆஃப் செய்யுங்கள். "யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்" என்பதையும் ஆஃப் செய்யுங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. "ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்" ஆன் ஆகவே இருக்கலாம்.

ஆஃப் செய்தோம், நெட் வந்தது, ரீஸ்டார்ட் செய்தால் ப்ராக்ஸி மறுபடியும் ஆன். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, ஏதோ ஒன்று திரும்ப எழுதுகிறது. பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில் (புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸ் பகுதி) ஒரு வேலையாக ஒளிந்திருக்கும். இதற்கு, தானாகத் தொடங்குகிற எல்லாவற்றையும் பட்டியலிடும், மைக்ரோசாஃப்ட்டே தரும் சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸை மிஞ்சிய கருவி கிடையாது. ஆப்ஷன்ஸில் "ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்", ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸ்" இரண்டையும் போட்டுவிட்டு லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ் பக்கங்களைப் பாருங்கள். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களிலிருந்து ஓடுகிற, கையொப்பம் இல்லாத, பெயரில் தலையும் வாலும் இல்லாத வரிகள்தான் சந்தேகத்துக்குரியவை. ஒழுங்கான புரோகிராம்கள் சிலவும் ஆப்டேட்டாவில்தான் குடியிருக்கின்றன, இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

இரண்டாவது, பாலிசி, அதாவது உங்கள் அமைப்பை மீறித் திணிக்கப்படும் விதி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தைத் திருத்தும் கருவி) ஹெச்கீ லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → கரன்ட்வெர்ஷன் → இன்டர்நெட் செட்டிங்ஸ் வரை போங்கள். அங்கே "ப்ராக்ஸிசெட்டிங்ஸ்பர்யூசர்" என்று ஒன்று 0 மதிப்போடு இருந்தால், விண்டோஸ் உங்கள் கணக்கின் அமைப்பைப் பார்க்காமல் மெஷின் முழுவதற்குமான அமைப்பையே எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதற்கு வேலையே இல்லை. எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு நீக்குங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் தொடாதீர்கள்.

மூன்றாவது, கணக்கு மாறிப்போவது. ப்ராக்ஸி ஒவ்வொரு யூசருக்கும் தனி. அப்பா கணக்கில் சரிசெய்தால் பிள்ளைகள் கணக்கில் சரியாகாது. சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டு வேறொரு அட்மின் பாஸ்வேர்டு போட்டு ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால், நீங்கள் திருத்துவது அந்த அட்மினின் ஹெச்கீ கரன்ட் யூசரை, உங்களுடையதை அல்ல. எந்தக் கணக்கில் கோளாறோ அதில் நுழைந்தே செய்ய வேண்டும்.

இன்னொன்று: "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி" என்ற கட்டளையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது விண்டோஸ் அப்டேட் போன்ற பின்னணிச் சேவைகளுக்கான தனி ப்ராக்ஸி. பிரவுசரை அது தொடாது. பிரவுசர் ஓடுகிறது, அப்டேட் மட்டும் இறங்கவில்லை என்கிறவர்களுக்குத்தான் அது மருந்து.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்

நோட்பேடை அட்மினாகத் திறந்து, ஃபைல் → ஓப்பன் வழியாக சி டிரைவ் → விண்டோஸ் → சிஸ்டம்32 → டிரைவர்ஸ் → ஈடிசி. கீழே "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுத்தால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும்.

விண்டோஸ் தருகிற அசல் ஃபைலில் எல்லா வரிகளும் # குறியில்தான் தொடங்கும். குறி இல்லாமல் ஆன்டிவைரஸ் தளங்களையோ தேடுபொறிகளையோ வேறு எண்ணுக்குத் திருப்புகிற வரிகளை நீக்குங்கள். கடைசி வரை ஸ்க்ரோல் செய்ய மறக்க வேண்டாம்: நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்குக் கீழே திருட்டு வரிகளை ஒளித்து வைப்பது பழைய தந்திரம். கிராக் செய்த மென்பொருள் போட்டிருந்தால் அதன் வரிகளும் அங்கே இருக்கும். ஸ்பைவேர் வந்த வழியும் அநேகமாக அதுவே.

சேவ் ஆகவில்லை என்றால் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி டிக்கை எடுங்கள். சேவ் ஆன பிறகு பெயர் "ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி" ஆகிவிடவில்லையே என்று பாருங்கள். அப்படி ஆகியிருந்தால் பழைய ஃபைல்தான் இன்னும் ஆட்சி செய்கிறது. கடைசியாக, விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய முகவரிகளை அழிக்க "ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்".

டிஎன்எஸ், ரவுட்டரையும் சேர்த்து

விண்டோஸ் விசையும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி என்.சி.பி.ஏ புள்ளி சி.பி.எல் என்று தட்டுங்கள். ஒவ்வொரு அடாப்டருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் → ஐபிவி4 → "ஆப்டெய்ன் டிஎன்எஸ் சர்வர் அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி". ஐபிவி6-க்கும் இதையே செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் திண்டாடுகிறார்கள்.

போனிலும் வைஃபையில் இருக்கும்போது அதே விளம்பரப் பக்கங்கள் வருகின்றன, மொபைல் டேட்டாவில் வரவில்லை என்றால் குற்றவாளி ரவுட்டர். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று கொடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நுழைந்து, டிஎன்எஸ் இடத்தில் உள்ள எண்களை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள், அல்லது 1.1.1.1, 8.8.8.8 போடுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பதே நீடித்தால் மறுபடி வரலாம்.

டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் இதே வேலையை உலக அளவில் செய்தது. சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டியிருந்தன என்று எஃப்பிஐ சொன்னது. 2011 நவம்பரில் கும்பலைப் பிடித்தபோது, அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களை அப்படியே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு மாற்று சர்வர்களை ஓடவிட்டு, 2012 ஜூலை 9 அன்றுதான் அணைத்தார்கள்.

வின்சாக்

முதல் சோதனையில் "ஜெனரல் ஃபெயிலியர்" வந்தவர்களுக்கு மட்டும். "நெட்ஷ் வின்சாக் ரீசெட்", பிறகு "நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்", பிறகு கட்டாயம் ஒரு ரீஸ்டார்ட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஸ்பைவேரை அழித்ததும் நெட் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம், இன்று அரிது. விபிஎன் மென்பொருள் இருந்தால் அதைத் திரும்ப நிறுவ வேண்டிவரலாம். கையால் ஐபி எண் போட்டிருந்தால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், அழிந்துவிடும்.

பிரவுசருக்குள்

குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று கொடுத்தால் என்னென்ன திணிக்கப்பட்டிருக்கின்றன என்று பட்டியல் வரும். சில ஆன்டிவைரஸ்களும் அங்கே பாலிசி எழுதும். முன்பின் தெரியாத எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கும் பாலிசி இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → கூகுள் → குரோம் கீயை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குங்கள். லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டிலும் பாருங்கள்.

டெஸ்க்டாப் ஐகானின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ-க்குப் பிறகு ஒரு தள முகவரியோ ப்ராக்ஸி-சர்வர் என்ற சொல்லோ ஒட்டியிருந்தால் அழியுங்கள். ஃபயர்பாக்ஸில் ப்ராக்ஸி அமைப்பு தனியாக உண்டு: செட்டிங்ஸ் → ஜெனரல் → நெட்வொர்க் செட்டிங்ஸ்.

பின்சேர்க்கை 1: எல்லாத் தளத்திலும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால்

முதலில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். அது சரியென்றால், கூகுள் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னம் வழியாகச் சான்றிதழை (தளம் அசல்தான் என்பதற்கான அத்தாட்சி) யார் வழங்கியது என்று பாருங்கள். கூகுள் ட்ரஸ்ட் சர்வீசஸ் என்று இருக்க வேண்டும். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அது செய்யும் சோதனை. கேள்விப்படாத வேறு பெயர் இருந்தால் நடுவில் ஒருவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் பிடிபட்ட சூப்பர்ஃபிஷ் இப்படித்தான் சொந்த ரூட் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது) சேர்த்திருந்தது.

சி.இ.ஆர்.டி.எல்.எம் புள்ளி எம்.எஸ்.சி திறந்து, ட்ரஸ்டட் ரூட் பகுதியில் அந்தப் பெயரை மட்டும் நீக்குங்கள். எல்.எம்-க்குப் பதில் எம்.ஜி.ஆர் போட்டால் உங்கள் கணக்குக்கான பட்டியல் வரும்; அதிலும் தேடுங்கள். தெரியாத பெயர் என்பதற்காக மற்றவற்றை அழித்தால் விண்டோஸே தடுமாறும். ப்ராக்ஸியை முடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை 2: சேஃப் மோட்

சேஃப் மோட் என்பது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை. சேஃப் மோட் வித் நெட்வொர்க்கிங்கில் நெட் வந்து, சாதாரணமாக வரவில்லை என்றால், ஏதோ ஒரு வெளி சர்வீஸோ டிரைவரோ தடுக்கிறது, மறுபடி ஆட்டோரன்ஸ். சில லேப்டாப்களில் சேஃப் மோடில் வைஃபை எழும்பாது, கேபிள் போடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீ கேட்கலாம். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: நெட்வொர்க் ரீசெட் பட்டன்

செட்டிங்ஸில் இருக்கும் இது அடாப்டர்களைக் கழற்றி மாட்டும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், ஆனால் ஹோஸ்ட்ஸ் ஃபைல் அப்படியே இருக்கும். எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் மட்டும்.

நெட் வந்ததும் இதே கம்ப்யூட்டரில் வங்கித் தளத்துக்குள் போகாதீர்கள். பாஸ்வேர்டுகளை மொபைல் டேட்டாவில் இருக்கும் போனிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில். அதோடு "எல்லாச் சாதனங்களிலும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். குக்கீ (லாகினை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் சிறு தகவல்) திருடப்பட்டிருந்தால், பல தளங்களில் பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் பழைய லாகின் செத்துப்போகாது.