குர்ஆனைப் படிக்கும்போது இடறும் இடங்கள்

நோன்பு வைக்கும் நேரத்தைச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: வெள்ளை நூலும் கருப்பு நூலும் தெளிவாகப் பிரிந்து தெரியும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் (2:187, அதாவது 2ஆம் அத்தியாயம், 187ஆம் வசனம்). அதைக் கேட்ட அதீ இப்னு ஹாத்திம் (ரலி) ஒரு கருப்புக் கயிற்றையும் ஒரு வெள்ளைக் கயிற்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரவில் எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. விடிந்ததும் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார். அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபியவர்கள் விளக்கினார்கள்.

அதீயின் தாய்மொழி அரபு. கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மகன், தய்யி குலத்தின் தலைவர். அவரே கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நாமோ ஒரு தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) புரட்டி, ஒரு வசன எண்ணைப் பிடித்து, "குர்ஆனே சொல்லிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். எனக்கு வருத்தம் தருவது இந்த அவசரம்தான்.

அரபு இலக்கணம் தெரிந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்புவதும் தவறுதான். உர்வா இப்னு ஸுபைர் பெரிய அறிஞர். அவர் ஒருமுறை தம் சின்னம்மா ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஹஜ்ஜோ உம்ராவோ செய்பவர் மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகளைச் சுற்றிவருவது "குற்றமில்லை" என்கிறது 2:158. குற்றமில்லை என்றால், சுற்றாமல் விட்டாலும் பரவாயில்லை என்றுதானே ஆகிறது? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயிஷா (ரலி) "என் சகோதரி மகனே, நீ சொன்னது சரியில்லை" என்று தொடங்கி இரண்டு படிகளில் பதில் சொன்னார்கள். முதலில் மொழி: நீ சொல்கிற பொருள் என்றால் "சுற்றாமல் இருப்பதில் குற்றமில்லை" என்றல்லவா வசனம் வந்திருக்கும்? அப்புறம் வரலாறு: மதீனாவின் அன்ஸாரிகள் (நபியவர்களுக்கு உதவிய மதீனாவாசிகள்) இஸ்லாத்துக்கு முன் மனாத் என்ற சிலைக்காக இஹ்ராம் (புனித யாத்திரைக்கான நிலை) கட்டியவர்கள். அதனால் ஸஃபா, மர்வாவைச் சுற்ற அவர்களுக்குத் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைப் போக்கவே அப்படி ஒரு சொல் இறங்கியது. வாக்கியத்தின் அமைப்பையும் அது இறங்கிய சூழலையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைத்தான் பின்னால் வந்த தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) கலை முழுவதும் விரித்துக்கொண்டு போனது என்று எனக்குத் தோன்றும்.

முன்பின் வசனங்களை விட்டுவிட்டு நடுவில் ஒன்றை உருவி எடுப்பது அடுத்த தவறு. இணைவைப்போரைக் கொல்லுங்கள் என்ற 9:5ஐ இஸ்லாத்தை எதிர்ப்பவர்களும் எடுக்கிறார்கள், ஆவேசக்காரர்களும் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களோடு அதைத் தவணைவரை நிறைவேற்றச் சொல்கிறது. அடுத்த வசனம், அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்க ஒரு நிமிடம் ஆகுமா?

சொற்களிலும் கவனம் வேண்டும். 57:20இல் மழை பெய்து பயிர் முளைப்பதைக் கண்டு "குஃப்பார்" மகிழ்வதாக வருகிறது. நமக்குப் பழகிய பொருளில் அது இறைமறுப்பாளர்கள். ஆனால் க-ஃப-ர என்ற வேருக்கு மூடுதல் என்று பொருள் உண்டு. விதையை மண்ணால் மூடுபவர் உழவர். அந்த இடத்தில் உழவர்கள் என்றே பலரும் பொருள் கொண்டார்கள். அதற்காக இந்த வேரைக் கையில் எடுத்துக்கொண்டு குர்ஆன் முழுக்கக் "காஃபிர் என்றால் உழவர்" என்று கிளம்பினால் அது இன்னும் பெரிய தவறு. வேர் ஒரு சாத்தியத்தைத்தான் காட்டும், இடம்தான் பொருளை முடிவுசெய்யும்.

தஃப்ஸீர் நூல்களைப் படிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றை அதிகம் யாரும் சொல்வதில்லை. ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மறைந்த தஃப்ஸீர் அறிஞர் தபரீ, ஒரு வசனத்துக்குத் தமக்குக் கிடைத்த பல விளக்கங்களை அறிவிப்பாளர் தொடரோடு வரிசையாக எழுதுவார். பிறகுதான் தமக்கு எது சரியாகப் படுகிறது என்று சொல்வார். அவர் ஏற்காத ஒரு விளக்கத்தை நடுவிலிருந்து எடுத்து "தபரீயே சொல்லியிருக்கிறார்" என்று மேற்கோள் காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு தஃப்ஸீருக்கும் ஒரு நோக்கும் உண்டு. குர்துபீயிடம் சட்டம், ஸமக்‌ஷரீயிடம் சொல்லழகு. சட்டத்துக்கான பதிலை ஸமக்‌ஷரீயிடம் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

"இந்த வசனத்தின் சட்டம் பின்னால் வந்த வசனத்தால் மாற்றப்பட்டுவிட்டது" என்று சட்டென்று சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முற்காலத்தவர் ஒரு பொதுச் சட்டத்துக்கு விதிவிலக்கு வந்தால்கூட அதை "நஸ்க்" (சட்டம் மாற்றப்படுதல்) என்றார்கள். அதனால் பட்டியல் பெரிதானது. அறிஞர் ஸுயூத்தீ அதைச் சுமார் 20 வசனங்களுக்குக் குறைத்தார். டெல்லியின் அறிஞர் ஷா வலியுல்லாஹ் (1703–1762) அதை ஐந்தாக்கினார்.

குர்ஆனில் எண் கணக்குத் தேடும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்ட ரஷாத் கலீஃபா, கடைசியில் கணக்குக்கு இடைஞ்சலாக இருந்த 9:128, 129 வசனங்கள் குர்ஆனைச் சேர்ந்தவையே இல்லை என்று சொல்லும் இடத்துக்குப் போனார்.

2015இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பழைய குர்ஆன் தோல் ஏடுகள் இரண்டு செய்தியானபோதும் இதே அவசரத்தைப் பார்த்தோம். கதிரியக்கக் கரிமச் சோதனை தந்த 568–645 என்ற காலம் அந்தத் தோலுக்கானது. எழுத்து எப்போது எழுதப்பட்டது என்பதை அந்தச் சோதனை நேரடியாகச் சொல்லாது. இருந்தும் குர்ஆனின் வரலாறு பற்றிய மரபுச் செய்திகளுக்குச் சிலர் அதையே நிரூபணம் என்றார்கள், சிலர் மறுப்பு என்றார்கள்.

நாம் ஓதும் ஒரே ஓசைதான் குர்ஆன் என்று நினைப்பதையும் விட வேண்டும். நம் பக்கம் புழங்குவது ஆஸிம் என்ற ஓதல் ஆசானிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல். அதில் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் "மாலிக்" என்று நீட்டி ஓதுவோம், தீர்ப்பு நாளின் உரிமையாளன் என்று பொருள். மொராக்கோவில் ஓர் இமாமின் பின்னால் தொழும்போது "மலிக்" என்று குறுகக் கேட்டால், அவர் தவறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அது வர்ஷ் அறிவித்த ஓதல். அங்கே பொருள், தீர்ப்பு நாளின் அரசன்.