கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைகிறதா? பிளக்கில் தொடங்கி உள்ளே போவோம்

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது வைரஸ். அடுத்து, "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் புதுசா போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்து போட்டோக்களை எல்லாம் தொலைத்த பிறகும் அதே கம்ப்யூட்டர் அதே மாதிரி அணைவதை வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் மின்சாரமாகவோ சூடாகவோதான் இருக்கும். அதனால் சுவரில் இருக்கும் பிளக்கில் ஆரம்பித்து உள்ளே போவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

படி 1: எப்போது அணைகிறது என்று எழுதி வையுங்கள்

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் போதும். அணைந்த நேரம், அப்போது கம்ப்யூட்டரில் என்ன வேலை நடந்தது, வீட்டில் என்ன ஓடியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி அணைகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது, உடனே போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறது என்றால் சூடு. தண்ணீர் மோட்டார் போடும்போதோ கரண்ட் ஒரு நொடி துடிக்கும்போதோ அணைந்தால் யுபிஎஸ், அதாவது கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிப் பெட்டி. கேம் திறந்ததும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அல்லது சூடு. போட்ட நாலைந்து நொடியிலேயே அணைந்தால் பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். பிழைச் செய்தியோடு நீலத் திரை வந்து, பிறகு தானாக மறுபடி கிளம்பினால் அது வேறு கதை. அது ரேம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (பாகங்களை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) பக்கம் போகும்.

படி 2: விண்டோஸ் எழுதி வைத்ததைப் படியுங்கள்

விண்டோஸ் சாவியையும் எக்ஸ் சாவியையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' இருக்கும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. வலது பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதை அழுத்தி, ஐடி கேட்கும் கட்டத்தில் 41, 6008, 1074 என்று காற்புள்ளி போட்டுத் தட்டுங்கள்.

1074 என்றால் முறையாக அணைந்தது என்று அர்த்தம். அப்டேட் போன்ற ஏதோ ஒரு நிரலோ நீங்களோ சொல்லி அணைந்திருக்கிறது. 6008 என்றால் எதிர்பாராமல் அணைந்தது, அணைந்த நேரமும் அதிலேயே இருக்கும். உங்கள் சீட்டோடு ஒப்பிடுங்கள். 41ஐப் பார்த்து 'கெர்னல் பவர் எரர்' என்று பயந்து தேட ஆரம்பிப்பவர்கள் அதிகம். ஒழுங்காக அணையாமல் மறுபடி கிளம்பியது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லவில்லை. அதைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'பக்செக் கோட்' என்ற வரியை மட்டும் பாருங்கள். அங்கே 0 இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத் திரை.

படி 3: பிளக், வயர், யுபிஎஸ்

கேபினெட்டின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) பின்னால் செருகும் பவர் கார்டை அசைத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் வேறு கார்டு போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து இன்னொரு பாக்ஸ், அதிலிருந்து கம்ப்யூட்டர் என்று போயிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் யுபிஎஸ். நம் பக்கத்தில் பாதிப் புகார் இதில்தான் முடிகிறது என்பது என் கணிப்பு. வீட்டு யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி. நம்முடைய வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் அது களைத்துவிடும். பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், கரண்ட் ஒரு நொடி துடித்ததும் கைவிட்டுவிடும்.

சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 சாவியை விட்டு விட்டு அழுத்தி, விண்டோஸ் கிளம்புமுன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போங்கள். அங்கே இருக்கும்போது அணைந்தாலும் கோப்புகளுக்கு ஆபத்தில்லை. இப்போது யுபிஎஸ்ஸின் பிளக் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தால் பெரும்பாலும் பேட்டரியை மாற்றினால் போதும், முழு யுபிஎஸ் வாங்க வேண்டாம். அது தாங்கினாலும் சந்தேகம் இருந்தால் ஒரு நாள் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. "பிரின்ட் குடுத்தா மட்டும் ஆஃப் ஆவுது தம்பி, வைரஸ் ஏறிக்கிச்சு" என்றார் கடைக்கார அண்ணன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், லேசர் பிரின்டரும் கம்ப்யூட்டரும் ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தன. அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். லேசர் பிரின்டரோ தாளில் மையை உருக்கி ஒட்ட உள்ளே ஒரு ஹீட்டரைச் சூடாக்குகிறது. அந்த நொடியில் இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸைக் கவிழ்த்துவிடும். பிரின்டரை நேராகச் சுவர் பிளக்குக்கு மாற்றினோம், அதோடு தீர்ந்தது.

படி 4: சூட்டை அளந்து பாருங்கள்

மறுபடி பயாஸுக்குப் போங்கள். 'ஹார்டுவேர் மானிட்டர்' அல்லது 'பிசி ஹெல்த்' என்ற பக்கத்தில் சிபியூவின் (கணக்குப் போடும் முக்கியச் சிப்பின்) வெப்பம் தெரியும். 40 முதல் 60 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. கண்ணெதிரே 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் ஆள் மாட்டிக்கொண்டார். பல சிபியூக்கள் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் எரிந்துவிடாமல் இருக்கத் தானாக அணைந்துவிடும்.

வெப்பம் சரியாக இருந்தாலும் அதே திரையில் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயே அணைந்தால் விண்டோஸ் மேல் பழி இல்லை.

படி 5: திறந்து துடைப்பது

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி ஒரு பக்கம், காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பு இன்னொரு பக்கம். ஷீட் போட்ட மாடி அறையில் மே மாதச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்தே ஆக வேண்டும்.

பவர் கார்டைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் வெறும் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொண்டு பக்கத் தகட்டைத் திறங்கள். எதையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்மையான பெயின்ட் பிரஷ்ஷும் பிளோயரும் போதும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிடக் கூடாது. சிபியூ ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று போகாமல் அடைப்பது அதுதான். இன்டெல் சிபியூவோடு வரும் ஃபேனாக இருந்தால் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். ஒரு கால் மேலே எழும்பியிருந்தாலே சூடு எகிறும்.

தூசி போன பிறகும் சூடு குறையவில்லையா? அப்போதுதான் தெர்மல் பேஸ்ட், அதாவது சிபியூவின் சூட்டை மேலே இருக்கும் தகடுகளுக்குக் கடத்தும் பசை. காய்ந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிதாக நடுவில் வைத்து, ஃபேனை நேராக அழுத்தி மாட்டுங்கள். அதிகமாக அப்பினால் நன்மை இல்லை.

கையோடு ரேமையும் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். கடலோரத் தெருக்களில் இதனாலேயே கோளாறு தீர்ந்த கம்ப்யூட்டர்கள் உண்டு.

படி 6: பவர் பட்டனும் எஸ்எம்பிஎஸ்ஸும்

பட்டன் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையில்) 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய சின்ன கனெக்டரை எடுத்துவிட்டு அதே பின்களில் 'ரீசெட்' கனெக்டரை மாட்டுங்கள். இனி ரீசெட் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் கிளம்பும். அணைவது நின்றால் கோளாறு பழைய பட்டனில்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதன் ஃபேன் சுற்றுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். அணைந்த பிறகு பட்டனுக்கு மசியாமல், சுவர் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் கிளம்புகிறது என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான் வலுவாக விழும். தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

நீலத் திரை, லேப்டாப்

நீலத் திரைக்காரர்கள் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டுங்கள். ரேமில் பிழை என்று வந்தால் ஒவ்வொரு ரேமாக மாட்டிப் பாருங்கள். லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள். பேட்டரி உப்பி டச்பேட் மேலெழும்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது.

இத்தனைக்கும் பிறகு அணைந்தால் மிச்சம் மதர்போர்டு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கோ பக்கத்துக் கடைக்கோ கொண்டுபோகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். "எஸ்எம்பிஎஸ் மாத்திப் பாத்தீங்களா?" என்று முதலில் கேளுங்கள். பாகம் எதையாவது மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.