பக்க எண்ணைக் குறித்தீர்களா? கட்டுரையில் சான்று காட்டத் தொடங்குவோருக்கு

என் முதல் ஆய்வேட்டில் ஒரு பத்தி முழுவதும் ஒரே ஒரு மேற்கோளை நம்பி நின்றது. நோட்டில் அந்த இரண்டு வரியும் இருந்தன, ஆசிரியர் பெயரும் இருந்தது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று மட்டும் குறிக்கவில்லை. மூன்று நாள் நூலகத்தில் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசியில் மேற்கோளை நீக்கினேன். பத்தியும் கூடவே போய்விட்டது.

சான்று காட்டுவதை, அதாவது எடுத்த கருத்து யாருடையது, எந்த நூலில் உள்ளது என்று குறிப்பிடுவதை, கடைசி நாள் வேலை என்று நினைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அது படிக்கும்போதே தொடங்கிவிடுகிற வேலை.

படி 1: படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

நூலைத் திறந்ததும் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம்தான் பதிப்பு விவரங்கள் இருக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, முழுத் தலைப்பு, எத்தனையாவது பதிப்பு, பதிப்பகம் ஆகிய ஐந்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பதிப்பு ஏன் முக்கியம் என்றால், முதல் பதிப்பில் 84ஆம் பக்கத்தில் உள்ள வரி இரண்டாம் பதிப்பில் 91ஆம் பக்கத்துக்குப் போயிருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டைத்தான் தர வேண்டும்.

அப்புறம் குறிப்பெடுக்கும் முறை. நூலில் உள்ள சொற்களை அப்படியே எழுதினால் அப்போதே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணையும் எழுதுங்கள். உங்கள் சொந்தச் சொற்களில் எழுதினால் குறி வேண்டாம், பக்க எண் மட்டும் போதும். உங்களுக்கே தோன்றிய எண்ணத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். இந்த மூன்றும் நோட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து எது யாருடைய வரி என்று உங்களுக்கே தெரியாது. கருத்துத் திருட்டு என்று பிடிபடும் மாணவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் அல்லர். இப்படிக் கலந்த குறிப்பை நம்பி எழுதியவர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் ஒரு மேற்கோள் குறியில் தடுத்திருக்கலாம்.

படி 2: எதற்குச் சான்று வேண்டும்?

பிறருடைய சொற்கள், கருத்து, புள்ளிவிவரம், படம், அட்டவணை, ஆய்வு முடிவு எல்லாவற்றுக்கும் வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போன்ற பொது அறிவுக்கு வேண்டாம். சந்தேகம் வந்தால் சான்று காட்டிவிடுங்கள். கூடுதலாக ஒரு சான்று இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: அப்படியே எடுப்பதா, சொந்தச் சொற்களில் சொல்வதா?

தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. விளக்குவதற்காக நானே ஒரு வாக்கியம் எழுதுகிறேன். இதை நீங்கள் ஒரு நூலில் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்:

"தேனீக்கள் பூக்களின் நிறத்தை மட்டுமல்லாமல் அவற்றின் மணத்தையும் கொண்டே தேன் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கின்றன."

பலர் செய்வது இது: "தேனீக்கள் மலர்களின் வண்ணத்தை மட்டுமின்றி அவற்றின் வாசனையையும் கொண்டே தேன் உள்ள இடத்தைத் தெரிந்துகொள்கின்றன." பூ மலரானது, நிறம் வண்ணமானது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. கீழே சான்று காட்டினாலும் இது உங்கள் வாக்கியம் ஆகாது.

நூலை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல எழுதிப் பாருங்கள்: "தேனைத் தேடும் தேனீக்கு நிறம் மட்டும் போதாது, வாசனையும் வழிகாட்டுகிறது." பிறகு நூலைத் திறந்து பொருள் மாறவில்லையே என்று சரிபாருங்கள். சரியாக இருந்தால் சான்றைச் சேருங்கள். சொற்கள் உங்களுடையவைதான், ஆனால் கண்டுபிடிப்பு அவர்களுடையது. அதனால் சான்று கட்டாயம்.

ஆசிரியரின் சொற்களே முக்கியம் என்றால் மட்டும் அப்படியே எடுங்கள். வரையறை, விவாதத்துக்கு உள்ளாகும் வரி போன்றவை அந்த வகை. ஏ.பி.ஏ. (APA, அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த சான்று காட்டும் விதிகள்) முறையில் மேற்கோள் 40 சொற்களோ அதற்கு மேலோ இருந்தால், மேற்கோள் குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும்.

படி 4: எந்த முறை?

இதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், உங்கள் துறையில் கேளுங்கள். சமூக அறிவியல், கல்வியியல் பக்கம் ஏ.பி.ஏ. அதிகம், இப்போது வழக்கில் இருப்பது 2019இல் வந்த அதன் 7ஆம் பதிப்பு. இலக்கியத்தில் நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. (MLA) முறை, வரலாற்றில் சிகாகோ முறையின் அடிக்குறிப்புகள், பொறியியலில் சதுர அடைப்புக்குறிக்குள் எண்கள் வரும், மின், மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் ஐ.ட்ரிப்பிள்.ஈ. (IEEE) முறை. எல்லாம் கேட்பது ஏறக்குறைய ஒரே விவரங்களைத்தான், வரிசையும் நிறுத்தற்குறிகளும்தான் மாறும். ஒரே கட்டுரையில் இரண்டு முறைகளைக் கலக்காதீர்கள்.

படி 5: கட்டுரைக்குள் ஒன்று, பட்டியலில் ஒன்று

ஏ.பி.ஏ.வையே எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுகிறீர்கள். கட்டுரைக்குள் இப்படி வரும்:

(வாட்சன் & கிரிக், 1953, ப. 737)

இறுதிப் பட்டியலில் இப்படி வரும்:

வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). மாலிக்யூலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளிக் ஆசிட்ஸ்: எ ஸ்ட்ரக்சர் ஃபார் டீஆக்ஸிரைபோஸ் நியூக்ளிக் ஆசிட். *நேச்சர், 171*(4356), 737–738.

இதில் 171 என்பது தொகுதி, அடைப்புக்குறிக்குள் இருப்பது இதழ் எண், கடைசியில் பக்கங்கள். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும். இதன் பின்னால் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர எண்ணை இணைப்பாகத் தர வேண்டும். 10 என்ற எண்ணில் தொடங்கும் அந்த எண் பெரும்பாலும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். இணைய முகவரி மாறினாலும் அந்த எண் கட்டுரையிடம் கொண்டு சேர்க்கும்.

மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால், கட்டுரைக்குள் முதல்முறையே முதல் ஆசிரியரின் பெயரும் "மற்றும் பிறர்" என்பதும் போதும். பட்டியலில் 20 பேர் வரை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டும்.

படி 6: சிக்கலான இடங்கள்

ஒரு நூலில் இன்னொருவரின் மேற்கோளைப் பார்க்கிறீர்கள். மூல நூல் உங்களிடம் இல்லை. அதைப் படித்தது போல எழுதாதீர்கள். முடிந்தால் மூலத்தைத் தேடிப் பிடியுங்கள். முடியாவிட்டால் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய நூலில் மேற்கோள் காட்டப்பட்டது என்று எழுதிவிட்டு, நீங்கள் படித்த நூலை மட்டும் பட்டியலில் சேருங்கள். இரண்டாம் கையில் வரும் மேற்கோளில் சொல் விடுபட்டிருக்கலாம், பொருளே திரிந்திருக்கலாம். மூலத்தை ஒரு முறை பார்த்தால்தான் அது தெரியும்.

ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் தலைப்பு அந்த இடத்துக்கு வரும். ஆண்டு இல்லாவிட்டால் "தேதி இல்லை" என்று எழுதலாம். விக்கிப்பீடியாவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அதன் அடிக்குறிப்புகளில் உள்ள நூல்களுக்குப் போங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சான்றுப் பட்டியல் கேட்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான தலைப்பு, பக்க எண் எல்லாம் தரும். ஆனால் சில நேரம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டுத் திறந்து, கட்டுரையைக் கண்ணால் பார்த்துப் படிக்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள்.

ஜொடெரோ என்ற இலவசச் செயலி பட்டியலைத் தானாகவே அமைத்துத் தரும். பயன்படுத்துங்கள், ஆனால் அது இணையத்திலிருந்து எடுக்கும் விவரங்களில் பெயர் மாறியிருக்கலாம், ஆண்டு விடுபட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு முறை பாருங்கள்.

படி 7: சமர்ப்பிக்கும் முன்

கட்டுரையைத் தாளில் அச்செடுங்கள். அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொரு பெயரையும் பட்டியலில் தேடி, இரண்டு இடத்திலும் டிக் போடுங்கள். கட்டுரைக்குள் டிக் இல்லாமல் ஒன்று நின்றால் பட்டியலில் விட்டுவிட்டீர்கள், சேருங்கள். பட்டியலில் டிக் இல்லாமல் ஒன்று நின்றால் அது படித்தும் பயன்படுத்தாத நூல். ஏ.பி.ஏ. பட்டியலில் அதற்கு இடமில்லை, எடுத்துவிடுங்கள்.