பைபிளின் ராஜாக்கள் புத்தகத்தைத் தலைசுற்றாமல் படிக்க

முதலில் கோத்திரக் கணக்கு. இஸ்ரவேலரின் மூதாதையான யாக்கோபுக்கு 12 மகன்கள், அவர்கள் வழிவந்தவைதான் கோத்திரங்கள், ஆனால் லேவிக்குத் தனி நிலப்பகுதி கிடையாது, யோசேப்பின் பங்கு எப்பிராயீம், மனாசே என்று இரண்டாகப் பிரிந்ததால் நிலக்கணக்கிலும் 12தான் வரும்.

அப்புறம் ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். எல்லாக் கோத்திரங்களையும் ஒரே நாடாக ஆண்ட சாலொமோன் இறந்தபின், ஏறக்குறைய கி.மு. 930இல், அவர் மகன் ரெகொபெயாம் வரிச்சுமையைக் குறைக்க மாட்டேன் என்று சீகேமில் முறுக்கிக்கொள்ள, வடக்குக் கோத்திரங்கள் பிய்த்துக்கொண்டு யெரொபெயாமை ராஜாவாக்கின. இடப்பக்கம் வடக்கு இஸ்ரவேல், பிற்பாடு தலைநகர் சமாரியா. வலப்பக்கம் யூதா, எருசலேம், சாலொமோனின் தகப்பன் தாவீதின் வம்சம், பென்யமீனும் இங்கேதான்.

இனி ஒவ்வொரு ராஜாவையும் அவரவர் பக்கத்தில் எழுதுங்கள். ஆள் எந்த நாடு என்று தெரியவில்லையா? 'யூதாவின் ராஜாவாகிய ஆசாவின் மூன்றாம் வருஷத்தில்' பாஷா ராஜாவானான் என்று வந்தால், பாஷா வடக்கு. பக்கத்து நாட்டு ராஜாவை வைத்துத்தான் வருஷம் சொல்வார்கள். தாயின் பெயரும் சொல்லியிருந்தால் பெரும்பாலும் யூதா ராஜாதான்.

உண்மையான தலைவலி யோராம் என்ற பெயர். ஒரே காலத்தில் அந்தப் பெயரில் இரண்டு ராஜாக்கள், போதாததற்கு மைத்துனர்கள் வேறு! ஆகாபின் மகன் வடக்கு, யோசபாத்தின் மகன் யூதா. தகப்பன் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். யோவாஸ் என்ற பெயரிலும் இப்படித்தான், இரு பக்கமும் ஒரு ராஜா உண்டு.

இடப்பக்கத்தைக் கி.மு. 722 வாக்கில் அசீரியாவோடு முடியுங்கள், வலப்பக்கத்தை 586 வாக்கில் பாபிலோனோடு. ஓசியா தீர்க்கதரிசி 'எப்பிராயீம்' என்று திட்டினால் பெரும்பாலும் வடக்கு நாடு மொத்தத்தையும்தான் சொல்கிறார்.