ஸ்கோப் வைத்த .22 ரைஃபிளை ஜீரோ செய்யும் முறை

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் உள்ள ரைஃபிளை அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், காகிதக் குறியில் ஜீரோ செய்வது, அதாவது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது பற்றித்தான் இங்கே.

செட்டிநாட்டுப் பொட்டலில் வெயில் ஏறினால் செம்மண் தரையில் கானல் ஓடும். ஸ்கோப்பில் குறி நெளியும். விடிந்ததும் தொடங்கி, கானல் எழுமுன் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் ஜீரோ செய்யவே வேண்டாம். மணிக்கு 15 கி.மீ. பக்கக் காற்றே 50 மீட்டரில் .22 குண்டை இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும்.

முதலில் திருகுகள். ஸ்கோப் கோளாறு என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் தாங்கி) திருகுதான் தளர்ந்திருக்கும். அடித்தளத் திருகை முறுக்கிய பிறகே வளையத் திருகுக்கு வர வேண்டும். வளையத்தை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

மணல் மூட்டைக்குக் காடாத்துணிப் பையில் சலித்த உலர்ந்த மணல் போதும். செம்மண் ஈரம் பட்டால் கட்டி தட்டிப்போகும். மூட்டை முன்கட்டைக்குக் கீழே இருக்கட்டும்; குழலைத் தொட்டால் அதன் அதிர்வு மாறி, குண்டு வேறிடம் போகும். அடிக்கட்டைக்குக் கீழே இன்னொரு சிறு மூட்டை.

25 மீட்டரில் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உருளை) கழற்றி, பின்னாலிருந்து குழல் வழியே குறியைப் பாருங்கள். குறி நடுவில் தெரியும்போது, ரைஃபிளை அசைக்காமல் டயலைத் திருகி ஸ்கோப்பின் சிலுவைக்கோட்டையும் அங்கே கொண்டுவாருங்கள். இதைச் செய்தால் முதல் குண்டு பெரும்பாலும் காகிதத்திலாவது விழும்.

பிறகு மூன்று குண்டுகள், அதே குறியில். ஒரு குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து டயலைத் தொடாதீர்கள்; மூன்றின் நடுப்புள்ளியே கணக்கு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கிளிக், அதாவது டயலின் ஒரு படி, 25 மீட்டரில் 1.8 மி.மீ., 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர்த்தும். 50 மீட்டரில் 4 செ.மீ. கீழே, 2.5 செ.மீ. வலப்பக்கம் விழுந்தால் மேலே 11 கிளிக், இடப்பக்கம் 7 கிளிக். டயலில் உள்ள அம்புக்குறி, குண்டு போக வேண்டிய திசையையே சொல்கிறது. மலிவான ஸ்கோப்புகளில் திருகிய மாற்றம் உடனே பிடிக்காது. ஒன்றிரண்டு குண்டு சுட்டுவிட்டு அளந்தால் நல்லது. 25-இல் சரியானதும் 50-க்குப் போய், கடைசியில் ஐந்து குண்டு சுட்டு உறுதி செய்யுங்கள்.

குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் மூட்டையையும் பாருங்கள். பக்கவாட்டில் பரவினால் காற்று அல்லது விசையை இழுக்கும் விரல். இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் மறுபடி திருகு, இல்லாவிட்டால் ஸ்கோப்பின் உள்பாகம். தலையை லேசாக அசைக்கும்போது சிலுவைக்கோடு குறியின் மேல் நகர்ந்தால் அது பாரலாக்ஸ் (இடமாறு தோற்றம்). அதனால் கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் பதிக்க வேண்டும்.

ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு இந்த ஸ்கோப்பை மாற்றிப் போடாதீர்கள். அது முன்னும் பின்னுமாக உதைப்பதால், ஏர்கன்னுக்கென்று செய்யாத ஸ்கோப் உள்ளே உடைந்துவிடும்.

தோட்டா வகை மாறினால் ஜீரோவும் மாறும். பெட்டியில் உள்ள தயாரிப்பு எண்ணையும் தூரத்தையும் குறித்துவைத்து, கிளிக் நகராமல் டயலின் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்பிப் பூட்டுங்கள்.