உரச் செலவைக் குறைக்க மண்ணைப் பாருங்கள்

சிறு நிலத்தில் லாபம் வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது மண் பரிசோதனை. பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். வரப்போரம் வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதுமென்று முடிவு வந்தால் அந்த உர மூட்டைக் காசு அப்படியே மிச்சம்.

அப்புறம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 50 கிலோ யூரியாவில் அது 23 கிலோதான். அதிலும் ஒரு பங்கு காற்றிலும் நீரிலும் போய்விடும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்; யூரியா தேவை குறையும். விதைச் செலவையும் உழவுக்கூலியையும் மறக்காமல் எழுதிவையுங்கள்.

ஒரு பாத்தியைப் பழைய முறையிலேயே விடுங்கள். விளைச்சலை மட்டுமல்ல, செலவு போக மிஞ்சியதை ஒப்பிடுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தொழு உரம் போட்டால் அதன் பலன் முதல் போகத்திலேயே முழுசாகத் தெரியாது, அடுத்த போகங்களின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.