மருத்துவ விதிக்கு வரைவு வந்தால் ஆட்சேபம் எழுதுவது எப்படி

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கடைசி மாதங்களில் அவரைத் தூங்க வைத்தது 'மார்பின்' (morphine) என்ற வலி மாத்திரைதான். ஒரு சீட்டுக்கு 7 நாள் மாத்திரைக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. உட்காரக்கூட முடியாதவரை வாராவாரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். "ஒரு மாதத்துக்கு எழுதித் தர எனக்கு ஆசைதான் அம்மா, விதி விடமாட்டேன் என்கிறது" என்றார் டாக்டர்.

அந்த விதி வரைவாக இருந்தபோது, கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் 4 வரைவுகளுக்கு எழுதிவிட்டேன்.

முதலில் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் செய்திச் சுருக்கத்தை நம்பாமல் வரைவு முழுவதையும் பென்சிலோடு படியுங்கள். 'வேண்டும்', 'கூடாது' என்று முடியும் ஒவ்வொரு வரியையும் வட்டமிடுங்கள். டாக்டரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கும் இடம் அங்கேதான் பறிபோகிறது. 'அரசு அவ்வப்போது குறிப்பிடும் பிற' என்ற தொடர் கண்ணில் பட்டால் இரண்டு வட்டம் போடுங்கள். இன்று இல்லாத கட்டுப்பாட்டை நாளை யாரிடமும் கேட்காமல் சேர்க்க வழி வைப்பது அந்தத் தொடர்தான்.

எல்லாவற்றையும் எதிர்க்காதீர்கள். டாக்டர்களைப் பதிவு செய்வது, மருந்தின் தரத்தைச் சோதிப்பது, தொற்றுநோயைக் கண்காணிப்பது எல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை. அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் இந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை நாள், வேறு என்ன சிகிச்சை உண்டு என்று டாக்டர் அவரிடம் பேசலாமா கூடாதா என்பதை, அவரைப் பார்த்தே இராத ஓர் அதிகாரி முடிவு செய்யக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வாதத்துக்கு வலுவான பிடி ஒன்று உண்டு. அரசு எப்போது மனித உரிமைகளைக் குறுக்கலாம் என்று 1984-ல் இத்தாலியின் சிரகுசாவில் அறிஞர்கள் கூடி வகுத்த 'சிரகுசா கோட்பாடுகள்'தான் அது. கட்டுப்பாடு சட்டப்படி இருக்கிறதா, நியாயமான நோக்கம் உண்டா, உண்மையிலேயே தேவையா, இதைவிட லேசான வழி இல்லையா, பாகுபாடு இல்லாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். தேவை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்றும் அவை சொல்கின்றன. வலி மருந்து விஷயம் என்றால் 1961-ன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையையும் காட்டுங்கள். வலியைத் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது.

சரி, எழுதும் முறை. ஒரு பிரிவுக்கு ஒரு பத்தி. பிரிவின் எண், அதனால் நோயாளியின் படுக்கையருகே என்ன நடக்கும், மாற்று வாசகம், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். மாற்று வாசகத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். '7 நாட்களுக்கு மிகாமல்' என்பதற்குப் பதிலாக 'சிகிச்சையளிக்கும் மருத்துவர் காரணத்தைப் பதிவு செய்து தீர்மானிக்கும் காலத்துக்கு' என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். திருத்துகிறவருக்கு வேலை மிச்சம். 2 ஆண்டுகளில் மறு ஆய்வு இல்லையென்றால் விதி தானாகக் காலாவதியாக வேண்டும் என்றும் கேளுங்கள். 2 பக்கம் போதும்.

இன்னொருவரின் நோயைப் பற்றி எழுதினால் பெயரோ அடையாளமோ வேண்டாம். உங்கள் டாக்டரையும் தனியே எழுதச் சொல்லுங்கள், ஆனால் அவரவர் வார்த்தையில். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்பினால், படிப்பவருக்கு அது ஒரே கடிதம்தான்.

அனுப்பியதற்கான ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இறுதி விதி வந்ததும் வரைவோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சுட்டிக்காட்டிய பிரிவு அப்படியே இருந்து, பின்னால் யாராவது நீதிமன்றம் போனால், முன்கூட்டியே எச்சரித்தோம் என்பதற்கு அந்த ரசீதும் கடிதமும்தான் ஆதாரம்.